சரிவு நிலத்தில் தோட்டத்து கேட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டாமுத்தூர், ஆனைமலை அடிவாரமானாலும் சரி, காங்கேயம், சென்னிமலைப் பக்கத்து மேட்டுக்காடானாலும் சரி, இட்டேரியிலிருந்து (இரு பக்கமும் வேலியுள்ள வண்டித் தடத்திலிருந்து) தோட்டத்துக்குள் வண்டி நுழையும் இடம் மட்டமாக அமைவது அபூர்வம். மட்டத் தரைக்குச் செய்த கேட்டைக் கொண்டுவந்து அங்கே மாட்டினால் பாதி திறந்ததும் தரையில் முட்டி நின்றுவிடும். அப்புறம் அடியை அறுப்பதும் ஒட்டுவதுமாகப் பணம் இரண்டு முறை போகும். இங்குள்ள பதில்கள் 10 முதல் 14 அடி வரையிலான வண்டி வாசலுக்கும், ஸ்கொயர் டியூபில் செய்யும் இரும்பு கேட்டுக்கும் உரியவை.

பட்டறையில் சொல்லும் முன் எதையெல்லாம் அளக்க வேண்டும்?

வாசலின் அகலத்தை மட்டும் சொல்லிவிட்டு வருவதுதான் எல்லாத் தொல்லைக்கும் தொடக்கம். சரிவு இரண்டு வகை. கேட்டைத் தாங்கும் தூண்களில், அதாவது கால்களில், ஒன்று மேட்டிலும் மற்றது பள்ளத்திலும் நிற்பது குறுக்குச் சரிவு. கேட் திறந்து போகும் பக்கம் நிலம் ஏறுவதோ இறங்குவதோ உள்சரிவு. குறுக்குச் சரிவைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். கேட்டை முட்ட வைப்பது பெரும்பாலும் உள்சரிவுதான், அதை யாரும் அளப்பதில்லை.

அளக்க 30 அடி டியூப் லெவல் போதும். டியூபில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரண்டு கால் வரும் இடத்திலும் முளைக்குச்சி அடித்து, ஒரே மட்டத்தில் கோடு போடுங்கள். ஒவ்வொரு கோட்டிலிருந்தும் தரை எத்தனை அங்குலம் கீழே இருக்கிறது என்று குறித்தால் வித்தியாசம்தான் குறுக்குச் சரிவு. அடுத்து, கீல் வரும் இடத்துக் குச்சியில் கயிறு கட்டி, கதவின் நீளத்துக்கு அதைப் பிடித்துக்கொண்டு, கேட் சுழலும் வளைவைச் சுண்ணாம்புப் பொடியால் தரையில் வரையுங்கள். அந்த வளைவிலும் அதற்கு உட்பட்ட பரப்பிலும் 2 அடிக்கு ஒரு புள்ளி வைத்து ஒவ்வொன்றின் மட்டத்தையும் எடுங்கள். இருப்பதிலேயே உயர்ந்த புள்ளிக்கு மேல் 3 அங்குலம் விட்டால் அதுதான் கேட்டின் அடிமட்டம். வழியில் ஒரு பாறை முண்டு இருந்தால் அதுவும் கணக்கில் சேரும்.

அளந்த பின் இடத்தையே மாற்றலாமா என்றும் பாருங்கள். கேட்டை வேலிக்கோட்டிலேயே வைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 15, 20 அடி உள்ளே தள்ளினால் பல தோட்டங்களில் சரிவு பாதியாகிவிடும். டிராக்டரும் டிரெய்லரும் தடத்தை மறிக்காமல் நின்று கேட்டைத் திறக்கவும் இடம் கிடைக்கும்.

உள்ளே ஏறிக்கொண்டே போகும் நிலம். கேட்டை எப்படித்தான் திறப்பது?

வெளிப்பக்கம் பள்ளமாக இருந்து, வாசலுக்கும் தடத்துக்கும் நடுவே உங்கள் சொந்த நிலம் போதுமான அளவு இருந்தால், வெளியே திறப்பதே எளிது. பொது இட்டேரியிலோ தார் ரோட்டிலோ கதவு நீட்டிக்கொண்டு நிற்கும்படி வைக்கக் கூடாது. வருகிற வண்டிக்கு ஆபத்து, பக்கத்துத் தோட்டத்துக்காரருடன் தகராறும் வரும்.

உள்ளேதான் திறக்க வேண்டுமென்றால் முதலில் கதவைச் சிறிதாக்குங்கள். 12 அடிக்கு 1 அடி ஏறும் நிலத்தில் 12 அடி ஒற்றைக் கதவின் நுனி 12 அங்குல மேட்டைத் தாண்ட வேண்டும். அதையே 6 அடியாக இரண்டு கதவு செய்தால் 6 அங்குலம் தாண்டினால் போதும்.

மீதமுள்ள 6 அங்குலத்துக்கு மண்ணை வெட்டி எடுப்பதுதான் நாங்கள் முதலில் சொல்லும் வழி. 12 அடி அகலம், உள்நோக்கி 6 அடி நீளம், சராசரி 3 அங்குல வெட்டு என்றால் 18 கன அடி மண்தான், இரண்டு ஆள் அரை நாளில் முடிக்கும் வேலை. வெட்டு முடியும் இடத்தில் படி விழாமல் இன்னும் 10 அடிக்குச் சாய்வாகச் செதுக்குங்கள். பக்கங்களில் ஒரு வரிசை கல் அடுக்கினால் மண் சரியாது. வெட்டிய பரப்பைச் சுத்த மட்டமாக விடாமல் வெளிப்பக்கமாக 50 அடிக்கு 1 அடி வாட்டம் கொடுங்கள், இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் வாசலில் சேறு நிற்கும்.

பாறை இருந்து வெட்ட முடியாவிட்டால் இரண்டு வழி மிச்சம். கேட்டை மொத்தமாக உயர்த்தி மாட்டி அடி இடைவெளியை ரப்பர் பட்டையால் மறைக்கலாம். அல்லது திறக்கத் திறக்கத் தூக்கும் கீல் வைக்கலாம்.

தூக்கும் கீல் என்பது என்ன? எப்படி அமைப்பது?

சாதாரண கேட்டில் மேல் கீலும் கீழ்க் கீலும் ஒரே தூக்குக்கோட்டில் (செங்குத்துக் கோட்டில்) இருக்கும். இதில் கீழ்க் கீலின் முளையை (வளையம் மாட்டிச் சுழலும் தண்டை) மட்டும் கேட் திறக்கும் பக்கமாக, அதாவது உட்பக்கமாக, சில அங்குலம் தள்ளி வைப்பார்கள். சுழலும் அச்சு சாய்ந்துவிடுவதால் கதவு திறக்கும்போது நுனி மேலே எழும். சரிவு ஏறும் அதே விகிதத்தில் கதவும் ஏறுவதால் பாதி வழியில் முட்டாது.

கணக்கு இதுதான்: எழ வேண்டிய உயரத்தைக் கீல்களுக்கு இடையே உள்ள தூரத்தால் பெருக்கி, கதவின் நீளத்தால் வகுத்தால், தள்ள வேண்டிய அளவு கிடைக்கும். 72 அங்குலக் கதவு, கீல் தூரம் 36 அங்குலம், எழ வேண்டியது 6 அங்குலம் என்றால் 3 அங்குலம் தள்ள வேண்டும். 4 அங்குலத்துக்கு மேல் தள்ளத் தேவைப்படும் இடத்தில் இந்த முறையை விட்டுவிட்டு மண்ணை வெட்டுவதே நல்லது.

பட்டறையில் தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. முளையைத் தள்ளிய அளவுக்குக் கதவில் உள்ள கீழ் வளையத்தையும் உட்பக்கம் நீட்டிப் பற்றவைக்க வேண்டும். மறந்தால் மூடியிருக்கும்போதே கேட் சாய்ந்து நிற்கும். இரண்டாவது, முளைகள் இரண்டும் செங்குத்தாக இருக்கக் கூடாது. மேல் முளைக்கும் கீழ் முளைக்கும் இடையே நூல் இழுத்துக் கட்டி, அந்த நூலின் சாய்விலேயே இரண்டையும் பற்றவைக்க வேண்டும். நேராக வைத்தால் வளையம் இறுகிக் கேட் பாதியில் நிற்கும். அதனால் இதற்குப் புல்லட் கீல் (இறுக்கமாகப் பொருந்தும் உருளைக் கீல்) சரிவராது. 20 மி.மீ. முளையும் சற்றுத் தளர்வான வளையமும் வைத்து, முளையை 10 மி.மீ. தகட்டில் பற்றவையுங்கள்.

இந்த கேட் கைவிட்டால் தானாக மூடும். எனவே திறந்த நிலையில் பிடித்து வைக்கக் கொக்கியுள்ள ஒரு குட்டிக் கால் கட்டாயம் வேண்டும். குழந்தைகள் ஓடியாடும் சாளை (தோட்டத்து வீடு) பக்கமானால் மூடும் பக்கத்தில் ரப்பர் முட்டுக்கட்டை வையுங்கள், விரல் நசுங்காது. முழுக்கத் திறந்து நிற்கும்போது கதவின் தலை வாசலுக்கு எதிர்ப்பக்கமாகச் சாயும். 4 அடி உயரக் கேட்டில், மேலே சொன்ன அளவுக்கு, 4 அங்குலம் வரை சாயலாம். அங்கே சுவர் இருந்தால் அந்த இடைவெளியை முன்பே விடுங்கள்.

ஒரு கால் மேட்டில், மறு கால் பள்ளத்தில். கேட்டின் அடியைச் சாய்வாக வெட்டலாமா?

வெட்டலாம், ஆனால் கீல் பள்ளத்துக் காலில் இருக்க வேண்டும். மேட்டுக் காலில் கீல் வைத்து, தரையை ஒட்டி அடியைச் சாய்த்துச் செய்த கேட்டின் நுனி, கீலைவிடத் தாழ்ந்திருக்கும். திறக்கும்போது அந்தத் தாழ்ந்த நுனி மேட்டுத் தரைக்கு மேல் வந்து மண்ணைக் குத்தும். பள்ளத்துக் காலில் கீல் இருந்தால் உயர்ந்த நுனி தாழ்ந்த தரைக்கு மேல் போகும், முட்டாது. மேலே உள்ள சட்டம் எப்போதும் மட்டமாகவே இருக்கட்டும்.

இரட்டைக் கதவானால் சமமாகப் பிரிக்காதீர்கள். 12 அடி வாசலில் 12 அங்குலக் குறுக்குச் சரிவு என்று வைத்துக்கொள்வோம். பள்ளத்துப் பக்கம் 8 அடிக் கதவு, அடி சாய்வாக. மேட்டுப் பக்கம் 4 அடிக் கதவு, அடி மட்டமாக. சின்னக் கதவின் கீல் பக்கம் 3 அங்குல இடைவெளி விட்டால் நுனிப் பக்கம் 7 அங்குலம் வரும், அதை ரப்பர் மறைத்துவிடும். ஆள் நடமாட்டத்துக்கும் டூவீலருக்கும் சின்னக் கதவு போதுமென்பதால் பெரிய கதவின் கீலும் தேயாமல் இருக்கும்.

வாசல் எத்தனை அடி? ஒற்றைக் கதவு போதுமா?

லாரியின் அகலம் 8½ அடி வரை இருக்கும். தடத்திலிருந்து நேராக நுழைந்தால் 12 அடி. குறுகிய இட்டேரியில் திரும்பி நுழைய வேண்டுமானால் 14 அடி. தேங்காய் லாரியும் போர்வெல் வண்டியும் எப்போதாவதுதான் வரும் என்று 10 அடியில் நிறுத்தினால், வரும் அன்று கேட்டின் காலைத்தான் பெயர்க்க வேண்டியிருக்கும்.

ஒற்றைக் கதவு பார்க்க எளிது, காலுக்குப் பெரும் பாரம். 6 அடிக் கதவு 42 கிலோ, கீல் தூரம் 3 அடி என்றால் மேல் கீல் காலை 42 கிலோ விசையோடு இழுக்கும். 12 அடியில் எடை 84 கிலோவாகும், ஆனால் இழுவை 168 கிலோ. அகலம் இரட்டித்தால் இழுவை நான்கு மடங்கு. கருமண்ணில் நிற்கும் கால் இதற்குத் தாங்காது.

காலுக்குக் குழி எவ்வளவு? கான்கிரீட் எவ்வளவு?

செம்மண்ணிலும் கிராவலிலும் ஒன்றரை அடிச் சதுரம், 3 அடி ஆழம். சரிவில் ஆழத்தை எப்போதும் குழியின் பள்ளத்து விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். மேட்டு விளிம்பிலிருந்து 3 அடி என்றால் மறுபக்கம் அதைவிடக் குறைவான மண்தான் காலைப் பிடித்திருக்கும். மண் கொட்டி நிரப்பிய இடமானால் நிரப்பிய மண்ணைத் தாண்டி, கடப்பாரை கடினமாக இறங்கும் பழைய தரை வந்த பிறகுதான் ஆழக் கணக்கு தொடங்கும்.

இரண்டு குழிக்கும் சேர்த்து 13½ கன அடி கான்கிரீட் வரும். 1:2:4 கலவையில் சிமெண்ட் இரண்டரை மூட்டை, எம்-சாண்ட் 6 முதல் 7 கன அடி, முக்கால் அங்குல ஜல்லி 12 முதல் 13 கன அடி. மூன்றாவது மூட்டையின் மீதி தலைப்பூச்சுக்கு ஆகும். மூட்டைக்கு 25 லிட்டருக்குப் பக்கத்தில் தண்ணீரை நிறுத்துங்கள், கூழாகக் கரைத்தால் பலம் போகும். காலுக்கு 4 அங்குல பைப், 4.5 மி.மீ. கனம். மீட்டருக்குச் சுமார் 12 கிலோ எடை வரும், கடையில் நிறுத்துப் பார்த்தாலே கனம் குறைந்த பைப்பா என்று தெரிந்துவிடும்.

பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கருமண் வேறு கதை. மழையில் உப்பி, சித்திரை வெயிலில் வெடிக்கும் மண் அது. வெடிக்கும் ஆழத்துக்குள் நிற்கும் கால் வருடத்துக்கு ஒரு பக்கம் சாயும். 2 அடிச் சதுரமாக, நாலரை அடி ஆழம் போங்கள். தோண்டிய கருமண்ணைக் கால் பக்கம் திருப்பிப் போடாமல் கிராவல் போட்டு இடியுங்கள். இரண்டு காலையும் தரைக்கடியில் 1 அடி அகலம், 1 அடி உயரப் பெல்ட் கான்கிரீட்டால் இணைத்துவிட்டால், அசைந்தாலும் சேர்ந்தே அசையும். அதற்குள் 10 மி.மீ. கம்பி 4, 8 மி.மீ. வளையம் 8 அங்குலத்துக்கு ஒன்று. செம்மண்ணிலும் இந்த பெல்ட்டைப் போடச் சொல்வோம், ஏனென்றால் அதுவே கேட்டுக்கு அடியில் மண் அரிக்காமல் காக்கும் வாசல்படியாகவும் ஆகிறது.

ஒன்றரை அடியில் பாறை வந்தால் தோண்டுவதை நிறுத்திவிட்டு, பாறையில் 4 துளை, ஒவ்வொன்றும் 9 அங்குல ஆழம் போட்டு, 16 மி.மீ. கம்பியை கெமிக்கல் ஆங்கர் பசையால் நட்டு, அதன்மேல் கான்கிரீட் எழுப்புங்கள். அடியில் வருவது சுக்கான் (மெதுவான சுண்ணாம்புக் கல்) தான் என்றால் துளை போடாதீர்கள், அது பொடிந்துவிடும். அதை உடைத்து முழு ஆழத்துக்குப் போவதே சரி.

ஏற்கெனவே கல்லுக்கால் நட்டிருக்கிறது. அதிலேயே மாட்டலாமா? வேலியோர வேம்பில்?

கம்பி வேலிக்கு நட்ட கல்லுக்கால் இழுவையைத் தாங்கும்படி ஆழமாக நட்டதல்ல. 4 அடி வரையிலான நடைக் கதவுக்கு அது போதும். அதிலும் துளை போடாமல், கல்லைச் சுற்றி 50 மி.மீ. அகலப் பட்டையை இரண்டு பாதியாக போல்ட் போட்டு இறுக்கி, அதில் கீலைப் பற்றவையுங்கள். துளை போட்ட இடத்தில்தான் கல் பிளக்கும். வண்டி கேட்டுக்குப் புதுக் கால்தான்.

மரத்தில் கீல் அடிக்க வேண்டாம். மரம் பருக்கும், காற்றில் அசையும், கீல் சில வருடத்தில் பட்டைக்குள் புதைந்துவிடும். கிளுவை வேலியை ஒட்டிக் கால் நடும்போது, வேலியை வெட்டி அழிக்காமல் ஒன்றரை அடி தள்ளிக் குழி எடுங்கள். அந்தச் சந்தை முள்கம்பியால் அடைத்துவிட்டால் கிளுவை தானே வந்து மூடிக்கொள்ளும்.

தகடு அடித்த கேட் வேண்டும் என்கிறார்கள் வீட்டில். பரவாயில்லையா?

சரிவு நிலத்தில் கூடியவரை வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்று தாராபுரம் வரை எப்படி அடிக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். மறைப்பான கேட் அந்தக் காற்றை முழுசாக வாங்கிக் காலுக்குக் கொடுக்கும். 6க்கு 4½ அடிக் கதவுக்கு 1.2 மி.மீ. தகடு அடித்தால் 23 கிலோவுக்கு மேல் எடையும் கூடும். மறைப்பு வேண்டியே தீரும் என்றால் கீழ்ப் பாதிக்கு மட்டும் அடியுங்கள்.

சட்டத்துக்கு 40க்கு 40 மி.மீ. ஸ்கொயர் டியூப், 2 மி.மீ. கனம். நிற்கும் குச்சிகளுக்கு 25க்கு 25 மி.மீ., கனம் 1.6 மி.மீ. கீழ்க் கீல் மூலையிலிருந்து எதிர் மேல் மூலைக்கு ஒரு குறுக்குச் சட்டம் அவசியம். இது இல்லாத கேட்தான் நாளாவட்டத்தில் நுனி தொங்குகிறது. டியூபின் திறந்த வாய்களை அடைத்து, அடிச்சட்டத்தில் 6 மி.மீ. துளை இரண்டு போடச் சொல்லுங்கள், உள்ளே வேர்க்கும் நீர் வடியும்.

தள்ளு கேட் வைத்தால் இந்தச் சிக்கலே இல்லையே?

உள்சரிவுக்கு அது நல்ல தீர்வு. ஆனால் ஓடும் தண்டவாளமும், கேட் ஒதுங்கும் வேலியோரமும் வாசலின் இரு மடங்கு நீளத்துக்கு மட்டமாக வேண்டும். குறுக்குச் சரிவு இருந்தால் கேட் தானே உருண்டு போகும். மண் தடத்தில் தண்டவாளப் பள்ளம் ஒவ்வொரு மழைக்கும் மண் மூடும். வாசலில் சிமெண்ட் தளமும் வேலியோரம் மட்டமும் இருந்தால் வையுங்கள்.

மழைத் தண்ணீர் வாசல் வழியாகத்தான் ஓடுகிறது. என்ன செய்வது?

கேட் வைப்பதற்கு முன்பே இதைத் தீர்க்க வேண்டும். நீர் அரித்தால் கேட்டுக்கு அடியில் சந்து விழும், வண்டல் சேர்ந்தால் கேட் முட்டும். மேட்டுப் பக்கத்தில், கதவு சுழலும் பரப்பைத் தாண்டி, தடத்துக்குக் குறுக்கே சாய்வாக 6 அங்குல உயர மண்மேடும் அதன் மேற்புறம் கல் பதித்த வாய்க்காலும் எடுத்து, நீரை வேலியோரம் திருப்புங்கள். மேட்டின் இரு பக்கமும் நீளச் சாய்வாக இருந்தால் டிராக்டர் குலுங்காமல் ஏறும். திருப்பிய நீர் பக்கத்துக் காட்டில் போய் விழாமல் உங்கள் வரப்புக்குள்ளேயே நின்றால் கிணற்றுக்கும் நல்லது.

ரோட்டோர வாய்க்காலைத் தாண்டி நுழைய வேண்டுமானால் மண்ணைக் கொட்டி அடைக்காதீர்கள். ஊராட்சி ரோடானால் ஊராட்சியிலும், நெடுஞ்சாலையானால் அத்துறையிலும் அனுமதி வாங்கி, 300 மி.மீ. விட்டமுள்ள ஹியூம் பைப், வண்டி பாரம் தாங்கும் என்.பி.3 ரகம், இரண்டு போடுங்கள். ஒன்று 2.5 மீட்டர் நீளம், இரண்டுக்கும் சேர்த்து 16 அடி வரும். மேலே ஒன்றரை அடியாவது கிராவல் இருக்க வேண்டும்.

அடிச் சந்தில் ஆட்டுக்குட்டி நுழைகிறது.

3 அங்குலத்துக்கு மேல் சந்து இருந்தாலே குட்டி தலையை விட்டுப் பார்க்கும். கல் உடைக்கும் கிரஷர்களில் கழித்துப்போடும் கன்வேயர் பெல்ட்டை வாங்கி, தேவையான உயரத்துக்கு அறுத்து, அடிச்சட்டத்தில் பட்டை வைத்து 9 அங்குலத்துக்கு ஒரு போல்ட் போட்டு முடுக்குங்கள். மேட்டில் மடங்கி, பள்ளத்தில் தொங்கும். பன்றி வரும் அடிவாரத்தில் ரப்பர் மட்டும் நிற்காது, அங்கே பெல்ட் கான்கிரீட் வாசல்படி அவசியம்.

மாட்டும் நாளில் என்ன வரிசை?

கான்கிரீட்டுக்கு 7 நாளாவது ஈரம் காட்டிய பிறகுதான் மாட்ட வேண்டும், 10 நாள் பொறுத்தால் இன்னும் நல்லது. காலின் இரண்டு முகத்திலும் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். கதவைச் செங்கல், மரத்துண்டு வைத்து அடிமட்டத்துக்கு உயர்த்தி, நுனியை மட்டும் ¼ அங்குலம் கூடுதலாகத் தூக்கி வையுங்கள். பாரம் ஏறியதும் அது மட்டத்துக்கு வரும். மேல் கீலைப் புள்ளியாக மட்டும் பற்றவைத்துப் பிடித்து, கீழ்க் கீலையும் அப்படியே பிடித்து, முழுக்கத் திறந்து மூடிப் பார்த்த பிறகே முழுசாகப் பற்றவையுங்கள். சாதாரணக் கீலானால் மேல் முளையைத் தலைகீழாக வைத்தால் கேட்டை யாரும் தூக்கிக் கழற்ற முடியாது.

தரைத் தாழுக்கு 1 அடி நீள பைப்பை ஜல்லிப் படுக்கையின் மேல் அடி திறந்தபடி நட்டால் மண்ணும் நீரும் கீழே இறங்கிவிடும். அடி மூடிய பைப் ஒரே மழையில் அடைபடும். குறுக்குச் சரிவில் இரண்டு தாழ்க் கம்பியின் நீளமும் வேறாக இருக்கும், பட்டறையில் ஒரே அளவாகச் செய்துவிடுவார்கள், சொல்லி வையுங்கள். கொண்டி விழும் துளையை நீளவாக்கில் முக்கால் அங்குலம் அகட்டி வைத்தால் கால் சிறிது அசைந்தாலும் பூட்டு விழும்.

வெயில் காலத்தில் இரும்பு நீண்டு கேட் இடிக்கிறது என்கிறார்களே?

6 அடி இரும்பு 30 டிகிரி சூடேறினால் நீள்வது 0.7 மி.மீ. கூட இல்லை. அதனால் எந்த கேட்டும் இடிக்காது. இடிக்கிறதென்றால் கால் சாய்ந்திருக்கிறது, அல்லது கீல் தேய்ந்திருக்கிறது, அல்லது சட்டம் தொங்கியிருக்கிறது. தூக்குக்குண்டு விட்டால் காலின் சாய்வு தெரியும். நுனியைக் கையால் தூக்கும்போது கீலில் ஆட்டம் கண்டால் தேய்மானம். இரண்டு மூலைவிட்டத்தையும் நாடா வைத்து அளந்து வித்தியாசம் வந்தால் சட்டம். அடி சாய்வாக வெட்டிய கதவில் இந்த அளவு முதலிலேயே சமமாக இருக்காது என்பதால், மாட்டிய அன்றே இரண்டையும் அளந்து உட்பக்கச் சட்டத்தில் பெயின்டால் எழுதிவையுங்கள்.

கால் சாய்ந்திருக்கும்போது கேட்டின் நுனியை அறுப்பது வீண். அடுத்த மழைக்கு மறுபடி இடிக்கும். பாரத்தைக் கழற்றி, காலை நிமிர்த்தி, பெல்ட் போட்டு இணைப்பதுதான் வழி.